காயல்னா தண்ணியோட எடம்

எல்லாருக்கும் வணக்கம். பேச ஆரம்பிக்கதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிக்கிடுதேன், மேஜை மேல ஈரத்துணி சுத்தி ஒரு கட்டு இருக்கு பாருங்க, அது ஆத்தூர் வெத்தல, இன்னைக்குக் காலையில எந்தம்பி கொடிக்கால்ல கிள்ளுனது, முடிஞ்சு போகும்போது ஆளுக்கு ரெண்டு எல எடுத்துக்கோங்க. காயலப் பத்திப் பேச வாங்கன்னு கூப்பிட்டா இவரு என்ன வெத்தலக் கட்டோட வந்து நிக்காருன்னு நெனச்சிருப்பீங்க, காரணம் இருக்கு.

மார்க்கோ போலோன்னு வெனிஸ்காரரு, சீனாவுல இருந்து கப்பல்ல ஊருக்குத் திரும்பும்போது 1292 வாக்குல நம்ம பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்துட்டுப் போனவரு, அவரு காயல்னு ஒரு பட்டணத்தப் பத்தி எழுதியிருக்காரு. பெரிய பட்டணம், மேற்க இருந்து ஓர்முஸ், கீஷ், ஏடன், அரேபியா பூராவுல இருந்தும் குதிர ஏத்திக்கிட்டு வார கப்பலெல்லாம் இங்கதான் வந்து நிக்கும்னு. அதே எடத்துல இன்னொண்ணும் சொல்லுதாரு, இந்த ஊரு சனங்க எந்நேரமும் வாயில ஒரு எலயப் போட்டு மென்னுக்கிட்டே இருக்காங்க, அதுக்குப் பேரு தெம்புல், கற்பூரம், வாசனச் சாமான், சுண்ணாம்பு எல்லாம் சேத்து மெல்லுதாங்கன்னு. தெம்புல்னா வேற என்ன, நம்ம தாம்பூலம்தான், அரபிக்காரங்க பாரசீகக்காரங்க வாயில ஒரு சுத்து சுத்தி அவரு காதுல போயி விழுந்திருக்கு. ஒருத்தன அவமானப்படுத்தணும்னா அந்தச் சாற மூஞ்சியில துப்பிருவாங்க, துப்பு வாங்குனவன் நேர ராசாகிட்ட போயி சண்ட போட அனுமதி கேப்பான்னு அதையும் எழுதி வச்சிருக்காரு. 700 வருஷத்துக்கு முந்தி ஒரு வெளிநாட்டுக்காரரு காயல்ல நின்னு கண்ணால பாத்து எழுதுன எல இது. தாமிரபரணி கடல்ல விழுத அந்த முகத்துவாரத்துப் பக்கம்தான் எங்க ஊரு ஆத்தூர், இப்பவும் எங்களுக்கு அந்தக் கொடிதான் சோறு போடுது, 2023ல ஆத்தூர் வெத்தலைக்குப் புவிசார் குறியீடும் குடுத்துட்டாங்க.

நான் காயல்பட்டினத்துல பொறந்தவன் இல்ல, அத மொதல்லயே சொல்லிருதேன். ஆத்தூர்ல கொடிக்கால்க்காரன் மகன். எங்கய்யா வாரத்துக்கு ரெண்டு நாள் சைக்கிள் கேரியர்ல வெத்தலக் கட்ட வச்சுக் கட்டிக்கிட்டு ஆறுமுகநேரி வழியா காயல்பட்டினம் போவாரு, முன் பார்ல நான் உக்காந்திருப்பேன். ஒரு 8 கிலோமீட்டர் இருக்கும். வழியில உப்பளம், உட மரம், அங்கன அங்கன பன, காத்து உப்புக் காத்தா மாறும்போது எங்கய்யா சொல்லுவாரு, "எல, காயல் வந்துட்டு, மூக்குக்குத் தெரியுதா"ன்னு. அந்த ஊர நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதெல்லாம் பெறவுதான், மொதல்ல மூக்கால தெரிஞ்சுக்கிட்டேன்.

சரி, காயல்னா என்னன்னு பாப்போம், ஏன்னா நான் இன்னைக்குச் சொல்ல வந்த எல்லாமே அந்தப் பேருக்குள்ளதான் இருக்கு. காயல்னா ஆத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் கலந்து தேங்கி நிக்க எடம். மலையாளத்துல இன்னும் அப்படித்தான் சொல்லுதாங்க, வேம்பநாட்டுக் காயல், அஷ்டமுடிக் காயல்னு. நம்ம பக்கம் ஊருப் பேர்ல மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கி. ஊரு எத்தன, மூணு. தாமிரபரணிக்கு வடகரையில தூத்துக்குடி ரோட்டுல பழையகாயல், ஆறு கடல்ல விழுத எடத்துல புன்னைக்காயல், தெக்க திருச்செந்தூர் போற வழியில காயல்பட்டினம். மூணு ஊரும் பஸ்ஸுல போனா ஒரு மணி நேரத்துக்குள்ள பாத்துரலாம், ஆனா மூணும் வேற வேற ஆளுங்க, வேற வேற சாமி, வேற வேற சாப்பாடு, பேரு மட்டும் ஒண்ணு. இந்தப் பேர வச்சது ராசாவும் இல்ல வியாபாரியும் இல்ல, தண்ணி.

தாமிரபரணி பொதிகையில பொறந்து 120 கிலோமீட்டருக்கு மேல ஓடி வருது, வரும்போது சும்மா வரல, மலையில இருந்து வண்டல அள்ளிக்கிட்டு வருது, கடைசியில கடல் வாயில வந்ததும் வேகம் கொறஞ்சு அத எறக்கி வச்சுருது. கடல் சும்மா இருக்குமா, அல அந்த மண்ணத் திருப்பித் தள்ளி முகத்துவாரத்துல மேடு போட்டுருது. இப்படி ஆயிரக்கணக்கான வருஷமா நடந்துக்கிட்டே இருக்கு. கர கெழக்க கெழக்க நகருது, துறைமுகம்னு இருந்த ஊரு வயக்காட்டுக்கு நடுவுல மாட்டிக்கிடுது.

மொதல்ல மாட்டுனது கொற்கை. முத்துக்குப் பேர் போன பாண்டியன் துறைமுகம், சங்கப் பாட்டுல கொற்கை முத்துன்னு வாரது இதான், கிரேக்கக்காரங்க எழுதுன குறிப்புல கொல்கைன்னு வாரதும் இதான், சிலப்பதிகாரத்துல மதுரை எரிஞ்ச பெறவு பட்டத்துக்கு வந்த வெற்றிவேற் செழியன் இருந்த ஊரும் இதான். 1968, 69ல தொல்லியல் துறை அங்க தோண்டுனப்ப கெடச்ச கரித்துண்டுக்கு கி.மு. 785னு காலம் சொன்னாங்க. இப்ப போயிப் பாருங்க, வாழத் தோட்டம், நெல்லு, ஒரு பெரிய வன்னி மரம். கடல் எங்கன்னு கேட்டா கெழக்க கையக் காட்டுதாங்க, 6, 7 கிலோமீட்டர் தள்ளி. கடல் சத்தம் கூட கேக்காது.

கொற்கைய மண்ணு மூடுன பெறவுதான் காயல். இந்தக் காயலோட நல்ல காலம்னா பிற்காலப் பாண்டியன் காலம், மாறவர்மன் குலசேகரன் ஆண்ட காலம். அப்ப நடந்த பெரிய வியாபாரம் முத்தவிட குதிர. பாண்டியனுக்குக் குதிர மேல எப்பவும் ஆச உண்டு, மாணிக்கவாசகர் கதையே குதிர வாங்கக் குடுத்துவிட்ட பணத்துல இருந்துதான ஆரம்பிக்கு. நம்ம மண்ணுல நல்ல குதிர வளராது, அரபு நாட்டுல இருந்துதான் வரணும். வஸ்ஸாஃப்னு ஒரு பாரசீக வரலாத்துக்காரரு கணக்கு எழுதியிருக்காரு, வருஷம் 10,000 குதிர, ஒண்ணு 220 தீனார், நடுக்கடல்ல செத்துப்போன குதிரைக்கும் சேத்துப் பணம் குடுத்துரணும்னு ஒப்பந்தம். 22 லட்சம் தீனார் ஆச்சு. அந்தப் பாண்டியன்கிட்ட தகியுத்தீன்னு ஒரு முஸ்லிம் பெரியவரு அமைச்சரா இருந்திருக்காரு, காயலும் இன்னும் ரெண்டு துறைமுகமும் அவரு கையில இருந்திருக்கு. மதம் பாக்காம ஒரு ராசா துறைமுகத்துச் சாவிய ஒருத்தர்கிட்ட குடுக்காருன்னா அந்த நம்பிக்க எவ்வளவு பெருசு, இத நம்ம பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆச.

இதுல என் மனசப் பிடிச்சு இழுக்குத விஷயம் அந்தக் குதிரைங்கதான். பாலைவனத்துல பொறந்தது, வார மாசக்கணக்குல கப்பல்ல நின்னு வந்து காயல் மணல்ல எறங்குது. அதுக்கு என்ன போடணும்னு இங்க யாருக்கும் தெரியல. வஸ்ஸாஃப் சொல்லுதாரு, வறுத்த தானியத்துல நெய்யப் போட்டுக் குடுக்காங்க, காய்ச்சுன பசும்பால் குடிக்கக் குடுக்காங்கன்னு. மார்க்கோ போலோ சொல்லுதாரு, சோறும் வேகவச்ச கறியும் போடுதாங்கன்னு. யோசிச்சுப் பாருங்க, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு எது ஒசத்தியோ அதையே குதிரைக்கும் போட்டிருக்காங்க, பாசத்துல போட்டதுதான், அதுங்க வயித்துக்கு ஒத்துக்கல. ராசாவும் அவரு தம்பிமாரும் ஆளுக்கு 2000 குதிரைக்கு மேல வருஷா வருஷம் வாங்குதாங்க, வருஷக் கடைசியில 100 கூட மிஞ்சாது. லாடம் அடிக்கத் தெரிஞ்சவனையும் குதிர வைத்தியம் தெரிஞ்சவனையும் இந்தப் பக்கம் வரவே விடாம வியாபாரிங்க பாத்துக்கிட்டாங்கன்னும் அவரு எழுதுதாரு, குதிர செத்தாத்தான அடுத்த வருஷம் விக்க முடியும். எனக்கு அத படிக்கும்போதெல்லாம் வயிறு கலங்கும். மூக்குல நுரையோட அந்த மணல்ல நின்ன குதிரைங்க, பக்கத்துல ஒரு சின்னப் பய பால் செம்போட நின்னிருப்பான்.

இப்ப நீங்க கேக்கலாம், முன் வரிசையில ஒரு அண்ணாச்சி பேச்சுக்கு முந்தியே கேட்டுட்டாரு, இந்த மார்க்கோ போலோ காயல் எது, பழையகாயலா காயல்பட்டினமான்னு. இதுல 150 வருஷமா வழக்கு ஓடிக்கிட்டு இருக்கு. இடையன்குடியில இருந்த கால்டுவெல் பிஷப் இருக்காரே, திருநெல்வேலிச் சரித்திரம் எழுதி 1881ல வெளியிட்டவரு, அவரு பழையகாயலச் சுத்தி வயக்காட்டுல நடந்தே தேடியிருக்காரு. மைல் கணக்குல ஒடஞ்ச ஓடு, சீனத்துப் பீங்கான் துண்டு, அரபுப் பாத்திரத் துண்டு எல்லாம் கெடந்திருக்கு, அத வச்சு இதான் அந்தக் காயல்னு முடிவு சொல்லிட்டாரு. சீனக்காரங்க எழுதுன பதிவுலயும் காயல் இருக்கு, செங் ஹே தளபதியோட பெரிய கப்பல் கூட்டம் வந்து போன எடத்துல இதுவும் ஒண்ணு, அதனால சீனப் பீங்கான் கெடைக்கதுல ஆச்சரியமே இல்ல. காயல்பட்டினத்துக்காரங்க ஒத்துக்கிட மாட்டாங்க, எங்க பள்ளிவாசல்ல பாண்டியன் காலத்துக் கல்தூணு நிக்கி, எங்க கபர்ஸ்தான்ல எத்தனையோ நூத்தாண்டு பழைய அரபி எழுத்துக் கல்லு இருக்கு, நாங்க இல்லாம காயலான்னு கேப்பாங்க, அந்தக் கேள்வியிலயும் நியாயம் இருக்கு.

என் அபிப்பிராயத்த நான் சொல்லிருதேன். காயல்னு ஒரே ஒரு ஊரத் தேடுததுதான் தப்பு. முகத்துவாரம் பூராவும் காயல்தான். கப்பல் ஒரு எடத்துல நிக்கும், சரக்கு எறங்குத எடம் ஒண்ணா இருக்கும், வியாபாரியோட பொண்டாட்டி பிள்ளைங்க இருக்க வீடு மேட்டுப் பாங்கா இன்னொரு எடத்துல இருக்கும். தண்ணி மாறுனா கப்பல் நிக்க எடமும் மாறும், வீடு மாறாது. இத நான் பொஸ்தகத்துல இருந்து சொல்லல, காயல்பட்டினம் தெருவுல நடந்து நடந்து எனக்குத் தோணுனது.

அந்தத் தெருவச் சொல்லுதேன். பெரிய தெருவுல இருந்து பாத்தா ஒட்டி ஒட்டி வீடு, உயரமான செவரு, உள்ள என்ன நடக்குன்னு ஒண்ணும் தெரியாது. ஆனா வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல, பின்பக்கமா, ஒரு ஆள் போற அகலத்துக்கு ஒரு சந்து ஓடும், அதுக்குப் பேரு முடுக்கு. பொம்பளைங்க நடமாட்டத்துக்கு உள்ள பாத. ஒரு வீட்டுல இருந்து கெளம்பி பத்து வீடு தாண்டி கல்யாண வீட்டுக்குப் போகணும்னா ஆம்பளைங்க நடக்குத ரோட்ட மிதிக்காமலே போயிரலாம். எங்கய்யா முன் தெருவுல சைக்கிள நிப்பாட்டிட்டு ஒரு தடவ இருமுவாரு, அவரு உள்ள போக மாட்டாரு, சின்னப் பயன்னு என்னையத்தான் வெத்தலயக் குடுத்து முடுக்குக்குள்ள அனுப்புவாரு. உள்ள போனா குளுகுளுன்னு இருக்கும், சுண்ணாம்புச் செவரு ரெண்டு பக்கமும் தோள்ல ஒரசும், எங்கயோ வட்டலப்பம் வேகுத வாசன, ஏலக்கா, கருப்பட்டி, தேங்காப்பால். வெயில்ல இருந்து போனவனுக்கு அது வேற ஒலகம்.

அங்க ஒரு வீட்டுல வயசான ஒரு உம்மா இருந்தாங்க. வெள்ளத்துணி முக்காடு, கையில ஒரு சின்ன நோட்டு. நான் எண்ணிக் குடுக்க வெத்தலய அவங்க ஒரு தடவ எண்ணுவாங்க, 100 எல சேந்தாத்தான் ஒரு கவுளி, ஒண்ணு கொறஞ்சாலும் "தம்பி, ஒங்க வாப்பாகிட்ட ஒரு எல கடன்னு சொல்லு"ம்பாங்க, எங்கய்யாவ எனக்கு வாப்பாவா ஆக்கிருவாங்க. பெறவு நோட்டத் தொறந்து எழுதுவாங்க, எழுதுதது வலது பக்கத்துல இருந்து. நான் வாயப் பொளந்துக்கிட்டு பாப்பேன். "உம்மா, என்ன எழுதிருக்கீங்க"ன்னு ஒரு நாள் கேட்டேன். விரல வச்சு வாசிச்சுக் காட்டுனாங்க, "ஆத்தூர் வெத்தல, ரெண்டு கவுளி, பாக்கி இல்ல." எழுத்து அரபி, பேச்சு தமிழு! எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல, நம்ம பாஷய வேற சட்ட போட்டு விட்ட மாதிரி இருந்துச்சு. அதுக்குப் பேரு அரபுத்தமிழ்னு பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த எழுத்துல மார்க்கம், வைத்தியம், பாட்டு எல்லாம் எழுதி வச்சிருக்காங்க, காயல்பட்டினத்துல 1816ல பொறந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அப்பா அதுல பெரிய ஆளு. பள்ளிக்கூடம் போகாத பொம்பளைங்கன்னு வெளியில உள்ளவங்க நெனச்சுக்கிட்டு இருந்த காலத்துல, முடுக்குக்குள்ள உக்காந்து அவங்க கணக்கும் எழுதியிருக்காங்க, கவிதையும் வாசிச்சிருக்காங்க.

இதே ஊருல காசிம் புலவர்னு ஒருத்தரு, அருணகிரியார் சந்தத்துல நபிகள் நாயகம் மேல திருப்புகழ் பாடியிருக்காரு. பக்கத்துல திருச்செந்தூர், அங்க முருகன் மேல திருப்புகழ், இங்க நபி மேல திருப்புகழ், நடுவுல உப்பளம். நம்ம சீமையோட பெரும எதுன்னு என்னக் கேட்டா இதத்தான் சொல்லுவேன்.

இன்னொரு வழக்கம், காயல்பட்டினத்துல கல்யாணம் ஆனா மாப்பிள்ளதான் பொண்ணு வீட்டுக்குப் போவாரு. பொம்பளப் பிள்ளைக்கு வீடு, அது அவ மகளுக்கு. ஆம்பளைங்க ஒரு காலத்துல கொழும்பு, பர்மா, பெறவு மெட்ராஸ், பாங்காக், ஹாங்காங், வளைகுடான்னு வருஷக்கணக்குல போயிருவாங்க, கல்லு வியாபாரம், துணி வியாபாரம். ஊரத் தாங்கிக்கிட்டு நின்னது பொம்பளைங்க. துறைமுகம் போயிட்டு, குதிர போயிட்டு, முத்து போயிட்டு, ஊரு மட்டும் போகலன்னா அதுக்குக் காரணம் இந்த வீடுகதான்னு நான் நெனைக்கேன். கப்பலுக்குத் தண்ணி ஆழம் வேணும், வீட்டுக்கு வேண்டாம்லா.

புன்னைக்காயல வேகமா சொல்லிட்டுப் போறேன், அதுக்குத் தனியா ஒரு நாள் வேணும். போர்ச்சுக்கீசியர் வந்தாங்க, 1530கள்ல பரதவ மக்கள் கிறிஸ்தவம் தழுவுனாங்க, 1542ல சவேரியார் வந்தாரு. அவருக்குப் பெறவு என்றிக்கே என்றிக்கஸ்னு ஒரு பாதிரியாரு இங்க தங்கி தமிழப் படிச்சு, புனிதர்களோட வரலாற 1586ல தமிழ் எழுத்துலயே அச்சடிச்சாரு, புன்னைக்காயல்ல. இன்னைக்கு மெட்ராஸ்ல பொஸ்தகக் கண்காட்சி போடுதோமே, அதுக்கு 400 வருஷத்துக்கு முந்தியே மீன் வலை காயுத மணல்ல தமிழ் எழுத்த ஈயத்துல கோத்து அடிச்சிருக்காங்க. அங்கயும் தண்ணி நிக்க விடல, முகத்துவாரம் மேடாச்சு, போர்ச்சுக்கீசியர் தூத்துக்குடிக்கு நகந்தாங்க. அங்க ஆத்து வாய் கெடையாது, முன்னால முயல் தீவு மாதிரி தீவுங்க அலயத் தடுக்கும். அப்பவும் பெரிய கப்பல் தூரத்துலதான் நிக்கும், தோணியிலதான் சரக்கு போகணும், 1974லதான் பெரிய துறைமுகம் வந்துச்சு. கொற்கை, காயல், புன்னைக்காயல், தூத்துக்குடி, ஒரே துறைமுகம்தான், மண்ணுக்குப் பயந்து எடம் மாத்திக்கிட்டே வந்திருக்கு.

இப்ப நம்ம காலத்துக்கு வாறேன். 2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழம. காலையில ஆரம்பிச்ச மழ விடவே இல்ல. மறுநாள் காலையில கணக்கு எடுத்தாங்க, 24 மணி நேரத்துல காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர். திருச்செந்தூர்ல 69, ஸ்ரீவைகுண்டத்துல 62. நம்ம மாவட்டத்துக்கு ஒரு வருஷம் பூரா பெய்யுத சராசரியத் தாண்டி ஒரே நாள்ல காயல்ல கொட்டிட்டு. திருச்செந்தூர்ல இருந்து மெட்ராஸ் கெளம்புன எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துலயே நின்னுட்டு, உள்ள 800 பேருக்கிட்ட, ரெண்டு நாளு. ஏரல்ல கடத்தெரு முங்கிட்டு. புன்னைக்காயல் தனித் தீவாயிட்டு.

எங்க ஆத்தூர்ல ராத்திரி ரெண்டு மணி இருக்கும், எந்தம்பி போன் அடிச்சான், "அண்ணே, கொடிக்கால்ல தண்ணி ஏறுது"ன்னான், அதுக்கு மேல லைன் கெடைக்கல. விடிஞ்சு போயிப் பாத்தா கொடிக்காலே இல்ல, கொடி படர நட்ட அகத்தியோட நுனி மட்டும் தண்ணிக்கு மேல தலயாட்டிக்கிட்டு நிக்கி. வெத்தலக் கொடி தண்ணி ஆசப்படுத பயிரு, தெனம் தண்ணி கேக்கும், ஆனா வேர்ல தண்ணி கெட்டி நின்னா ரெண்டு மூணு நாள்ல வேர் அழுகிரும். அஞ்சு நாள் நின்னுச்சு. தண்ணி வடிஞ்ச பெறவு எல எல்லாம் கொடியிலயே இருக்கு, தொட்டா கையோட வருது, கறுத்து, ஒரு மாதிரி புளிச்ச வாட. எந்தம்பி ஒண்ணும் பேசல, ஒரு பாத்தி முழுக்க நடந்து ஒவ்வொரு கொடியாத் தொட்டுப் பாத்துட்டு வந்து வரப்புல உக்காந்துட்டான்.

நாலாம் நாள் நான் காயல்பட்டினத்துக்குப் போனேன். தாழ்வான தெருவுல எல்லாம் இடுப்பளவு தண்ணி நின்ன தடம் செவத்துல கோடு கிழிச்ச மாதிரி இருக்கு. அங்க ஒரு பெரியவரு சொன்னாரு, முன் தெருவுல தண்ணி ஓட்டம் நிக்க விடாம இழுத்தப்ப, முடுக்குல தண்ணி இருந்தாலும் இழுப்பு இல்லயாம், ரெண்டு செவத்தையும் பிடிச்சுக்கிட்டு நடக்கலாமாம், பொம்பளைங்க அது வழியா தேக்சாவத் தூக்கிக்கிட்டு வீடு வீடாக் கஞ்சி குடுத்திருக்காங்க. யாரு வீடு என்ன சாதி என்ன மதம்னு ஒருத்தரும் கேக்கல. நான் அந்த முடுக்குல போயி நின்னு பாத்தேன், சின்னப் பிள்ளையில தோள ஒரசுன அதே செவரு, தோள் உயரத்துக்குச் சேறு அப்பியிருக்கு, சேத்துல வரிசையா கைத்தடம்.

அன்னைக்குத்தான் எனக்கு அந்தப் பேரு மறுபடி வெளங்குச்சு. காயல்னா தண்ணி தேங்கி நிக்க எடம், ஊரே அத பேர்ல வச்சுக்கிட்டு இருக்கு, நம்மதான் காதுல வாங்கல. தண்ணி புதுசா ஒரு எடத்துக்கும் வரல, பழைய ஓட, பழைய பள்ளம், பழைய காயல் எதுவோ அங்கதான் வந்து நின்னுச்சு. மார்க்கோ போலோ கப்பல் பாத்த எடத்துல நம்ம பிளாட் போட்டு வித்திருக்கோம், ஓட மேல ரோடு போட்டு அடியில ரெண்டு குழாயப் பதிச்சு தண்ணி போயிரும்னு நம்பியிருக்கோம். எங்க ஊர்லயும் இதான், நான் அடுத்தவங்கள மட்டும் சொல்லல. அதே நேரத்துல மேல இருந்து வரவேண்டிய மண்ணு வாரதில்ல, வழிநெடுக எட்டு அணைக்கட்டு, கடைசி அணை ஸ்ரீவைகுண்டம், போதாததுக்கு ஆத்து மணல லாரி லாரியா அள்ளியாச்சு. மழ இல்லாத காலத்துல கடல் தண்ணி ஆத்துக்குள்ள ஏறி கெணறு உப்பாகுது, மழ வந்தா போக வழி இல்லாம ஊருக்குள்ள நிக்கி. கொறையும் தொந்தரவு, கூடுதலும் தொந்தரவுன்னு ஆயிப்போச்சு.

நான் கேக்கது பெரிய காரியம் இல்ல. ஒவ்வொரு ஊர்லயும் வயசான ஆளுங்க ரெண்டு பேர வச்சுக்கிட்டு, இந்த ஓட எங்க போச்சு, இந்தக் குளம் எங்க மறுகால் பாஞ்சுச்சு, இந்தத் தெருவுக்கு ஏன் அந்தப் பேருன்னு உக்காந்து எழுதி ஒரு படம் போடணும். எங்க வட்டாரத்துல நானும் நாலஞ்சு வாத்தியாரும் ஆரம்பிச்சிருக்கோம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க நோட்டத் தூக்கிக்கிட்டு வருதுக. பழையகாயல் பக்கம் வயல்ல மழைக்குப் பெறவு இப்பவும் ஓட்டுத்துண்டு மேல வரும், ஒரு பிள்ள நீலப் பூ போட்ட ஒரு துண்டு எடுத்துட்டு வந்து "சார், இது டீ கப்பா"ன்னு கேட்டுச்சு. அத கையில வாங்குனப்ப எனக்குப் பேச்சு வரல, அந்தப் பிள்ளைகிட்டயே குடுத்து எந்த வயல், எந்தப் பக்கம்னு நோட்டுல எழுதச் சொன்னேன். அத எழுதாம விட்டுட்டா அது வெறும் ஓடு.

எந்தம்பி அடுத்த வருஷம் மறுபடி அகத்தி வெதச்சான். அகத்தி தோள் உயரம் வந்த பெறவுதான் கொடி ஊனணும், கொடி ஏறி மொதக் கிள்ளு கிள்ள மாசக்கணக்காகும், அது வரைக்கும் அவன் வாழத் தோட்டத்துல கூலிக்குப் போனான். மொதக் கிள்ளுல வந்த கவுளிய விக்கல, காயல்பட்டினத்துக்குக் குடுத்துவிட்டோம், அதே வீட்டுக்கு. அந்த உம்மா இல்ல, அவங்க பேத்தி இருக்கா, காலேஜ் முடிச்சு வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல வேல பாக்கா, மாப்பிள்ள ஹாங்காங்குல. அவ வாங்கி எண்ணிப் பாத்துட்டு போன் பண்ணுனா, "மாமா, தொண்ணூத்தொம்பதுதான் இருக்கு, ஒரு எல கடன்."

நான் அந்த ஒரு எலய இன்னும் குடுக்கல, இன்னைக்குக் கொண்டு வந்த கட்டுல இருந்து ஒண்ணு எடுத்துப் பைக்குள்ள வச்சிருக்கேன், நாளைக்கு அந்தப் பக்கம் போறேன். மிச்சம் ஒங்களுக்கு. சுண்ணாம்பு டப்பா மேஜைக்குக் கீழ இருக்கு, பாக்கு பொட்டலமா வச்சிருக்கேன், வாங்க.